பச்சையாக ஓடிய டெஸ்ட், காலியாகக் கிடந்த நான்கு அறைகள்

போன மே மாதம், இரண்டாவது சனிக்கிழமை இரவு எட்டு மணி இருக்கும். கன்னங்குறிச்சியில் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தேன். ஏற்காட்டிலிருந்து அக்கா கூப்பிட்டார். நாகலூர் போகும் வழியில் ஆறு அறைகளோடு ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறார். அவருடைய வெப்சைட்டை மூன்று வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "தம்பி, நாலு ரூம்காரங்களும் இன்னும் வரலைங்க. ஒரு நம்பர் சுவிட்ச் ஆஃப்ங்குது, இன்னொண்ணுல ராங் நம்பர்னு வெச்சுட்டாங்க. கறியெல்லாம் எடுத்து, சமையலுக்கு ரெண்டு பேர வேற வரச்சொல்லிட்டேன். வெப்சைட்டுல ஏதாச்சும் கேன்சல் ஆயிருக்கான்னு பாக்கறீங்களா?" என்றார். பேர் சொல்லுங்க அக்கா, பார்க்கிறேன் என்றேன். நோட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்தார். மூன்றாவது பெயர் வந்தபோது எனக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெயர்கள் எல்லாம் நான் டெஸ்ட்டுக்காக உட்கார்ந்து யோசித்து எழுதியவை. அப்படி யாரும் இல்லை.

இப்போது ஒரு வருஷம் ஆகிவிட்டது. அன்றைக்கு நடந்ததை முழுசாக எழுதிவைக்கிறேன். என்னைப்போல ஊரில் இருந்தபடி தனியாக நாலைந்து பேருடைய தளங்களைப் பார்த்துக்கொள்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு உறுதிசெய்ய சீனியர் கிடையாது, சர்வருக்கென்று தனி ஆள் கிடையாது. எனக்கும் யாராவது முன்னாலேயே இதைச் சொல்லியிருந்தால் அக்காவுக்கு அந்தச் சனிக்கிழமை வந்திருக்காது.

அக்காவின் தளம் ஜாங்கோவில் (பைத்தானில் தளம் கட்ட உதவும் சட்டகம்) எழுதியது. முன்னால் என்ஜின்எக்ஸ் (வரும் கோரிக்கைகளை வாங்கி உரிய தளத்துக்கு அனுப்பும் வெப் சர்வர்), பின்னால் குனிகார்ன் (ஜாங்கோ நிரலை ஓட்டுவது), எல்லாம் ஒரே சின்ன விபிஎஸ்ஸில், அதாவது வாடகைக்கு எடுத்த மெய்நிகர் சர்வரில். மே மாதம் கோடை விழாவும் மலர்க்கண்காட்சியும் வரும்போது மலையில் அறை கிடைப்பதே கஷ்டம். போன தடவை சீசன் நடுவில் நான் ஒரு திருத்தம் போட்டு, தேதி தேர்ந்தெடுக்கும் பகுதி அரை நாள் வேலை செய்யாமல் போயிருந்தது. அது மறுபடி நடக்கக் கூடாது என்றுதான் அந்த வருஷம் ஏப்ரலில் தானியங்கி டெஸ்ட் எழுத உட்கார்ந்தேன். பிளேரைட் என்ற டெஸ்ட் கருவியை எடுத்தேன். நிஜமான பிரவுசரைத் திறந்து, ஒரு விருந்தாளி செய்வதுபோலவே தேதி தேர்ந்தெடுத்து, பெயர் எழுதி, பொத்தானை அழுத்தி, பக்கத்தில் வருவதைச் சரிபார்க்கும். மொத்தம் முப்பத்தெட்டு டெஸ்ட் எழுதினேன். அவற்றில் மூன்று, அறையைக் கடைசிவரை புக் செய்யும்: ஒன்று ஓர் அறை, ஒன்று இரண்டு அறை, ஒன்று மூன்று அறை. அடுத்து காலியாக இருக்கும் சனிக்கிழமையைத் தேடிப் பிடித்து, பணம் நேரில் தருவதாகத் தேர்ந்தெடுத்து முடிக்கும். டெஸ்ட் தளத்துக்குத் தனி சர்வர் எடுத்தால் மாசம் 650 ரூபாய். அதை மிச்சம் பிடிக்கலாம் என்று விருந்தாளிகள் பார்க்கும் லைவ் தளம் இருக்கும் அதே விபிஎஸ்ஸில், வேறொரு துணைப்பெயரில் (சப்டொமைன்), வேறு டேட்டாபேஸோடு டெஸ்ட் தளத்தை வைக்க முடிவுசெய்தேன். இந்த முடிவு அவ்வளவு தப்பில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அதைச் செய்த விதம்தான் தப்பு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அந்த வேலையை முடிக்க உட்கார்ந்தேன். டெஸ்ட் தளத்துக்கான என்ஜின்எக்ஸ் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பை எழுதி சைட்ஸ்-அவைலபிள் ஃபோல்டரில் போட்டேன். அடுத்து சைட்ஸ்-எனேபிள்டில் அதற்கு ஒரு லிங்க் போட வேண்டும், அப்போதுதான் என்ஜின்எக்ஸ் அதைப் படிக்கும். அந்த நேரம் பார்த்துக் கோடைமழை பிடித்து, கரண்ட் போய், சர்வரோடு இருந்த இணைப்பும் அறுந்தது. முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்ததும், லிங்க் போட்டுவிட்டோம் என்ற நினைப்பிலேயே அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். கான்ஃபிக்கைச் சரிபார்க்கும் கட்டளையைக் கொடுத்தேன், அதாவது ஹைஃபன் போட்டுச் சின்ன டி (nginx -t). சரியாக இருக்கிறது என்று வந்தது. ரீலோட் செய்தேன். பிழை எதுவும் இல்லை. இங்கே கொஞ்சம் நின்று கவனியுங்கள். அந்தக் கட்டளை, என்ஜின்எக்ஸ் படிக்கும் கோப்புகளைத்தான் சரிபார்க்கும். லிங்க் போடாத கோப்பு அதன் கண்ணுக்கே தெரியாது. அதில் நான் என்ன எழுதியிருந்தாலும் 'சரி' என்றுதான் வந்திருக்கும்.

பிரவுசரில் டெஸ்ட் முகவரியைத் திறந்தேன். தளம் வந்தது. லைவ் தளமும் டெஸ்ட் தளமும் ஒரே நிரல் என்பதால் பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. லேப்டாப்பில் இருந்து டெஸ்ட்டை ஓட்டினேன். முப்பத்தெட்டும் பச்சை, அதாவது எல்லாம் தேர்ச்சி. அந்தச் சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். மூன்று வாரம் ராத்திரி உட்கார்ந்து எழுதியது, முதல் தடவையே முழுசாக ஓடியது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் (குறித்த நேரத்தில் நிரலை ஓட்டித்தரும் சேவை) தினம் ஒரு தடவை தானாக ஓடும்படி போட்டேன். அதில் நேரத்தை யூடிசியில் (உலகப் பொது நேரத்தில்) கணக்கிட வேண்டியிருந்ததால் 20:00 என்று கொடுத்தேன், நமக்கு ராத்திரி ஒன்றரை மணி. யாரும் விழித்திருக்காத நேரம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

என்ன நடந்தது என்றால், என்ஜின்எக்ஸுக்கு ஒரு கோரிக்கை வரும்போது, எந்தப் பெயரைத் தேடி வந்திருக்கிறது என்று பார்க்கும். அந்தப் பெயர் கொண்ட சர்வர் பிளாக் (கான்ஃபிக்கில் ஒரு தளத்துக்கான பகுதி) இருந்தால் அங்கே அனுப்பும். எங்கேயும் இல்லை என்றால் மறுக்காது. அந்த போர்ட்டுக்கு (இணைப்பு வந்து சேரும் எண்ணிட்ட வாசல்) டிஃபால்ட் சர்வர் என்று ஒன்றைக் குறித்திருந்தால் அதற்கு அனுப்பும். எதையும் குறிக்கவில்லை என்றால் முதலில் எந்த பிளாக்கைப் படித்ததோ அதற்கே அனுப்பிவிடும். சைட்ஸ்-எனேபிள்டில் உள்ள கோப்புகள் அகரவரிசைப்படி படிக்கப்படும். என் சர்வரில் அந்த வரிசையில் முதலாவது அக்காவின் லைவ் தளம். மலையில் எஸ்டேட் லைன் வீடுகளுக்குத் தபால் கொண்டுவருபவர், விலாசம் புரியாத கடிதத்தை எல்லாம் முதல் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான். செவ்வாய் சாயங்காலம் நான் ஓட்டியதும், புதன், வியாழன், வெள்ளி, சனி பிறந்ததும் ஒன்றரை மணிக்குத் தானாக ஓடியதும் எல்லாம் லைவ் தளத்தில் ஓடின. ஐந்து ஓட்டம், பதினைந்து புக்கிங், முப்பது அறைகள். அந்தச் சனிக்கிழமையில் தொடங்கி ஜூன் பாதிவரை அக்காவின் சனிக்கிழமைகளை என் டெஸ்ட் ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டே போயிருக்கிறது.

இதைத் தடுக்க வேண்டிய இடங்கள் நான்கு இருந்தன. நான்கையும் நானே அணைத்து வைத்திருந்தேன் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். முதலாவது, தளத்தின் பெயரை உறுதிசெய்யும் ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழ். டெஸ்ட் பெயருக்கு வந்த கோரிக்கைக்கு லைவ் தளத்தின் சான்றிதழ் போனால், பெயர் பொருந்தவில்லை என்று பிரவுசர் கத்தும். கத்தியது. ஆனால் டெஸ்ட் தளத்துக்கு நானே கையெழுத்திட்ட சான்றிதழ் வைத்திருந்ததால் எச்சரிக்கை வருவது சகஜம்தானே என்று தாண்டிப் போனேன். பிளேரைட் கான்ஃபிக்கிலும் ஹெச்டிடிபிஎஸ் பிழைகளைப் பொருட்படுத்தாதே என்ற அமைப்பை ட்ரூ என்று போட்டிருந்தேன். இரண்டாவது, ஜாங்கோவின் அலவ்ட் ஹோஸ்ட்ஸ். தெரியாத பெயரில் வரும் கோரிக்கையை 400 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்புவதற்கென்றே இருப்பது அது. அதில் லைவ் பெயரை மட்டும் எழுதாமல், முன்னால் ஒரு புள்ளி வைத்து எழுதியிருந்தேன். புள்ளி வைத்தால் எல்லாத் துணைப்பெயரும் உள்ளே வரலாம் என்று அர்த்தம். என்றைக்கோ ஒருநாள் சௌகரியத்துக்காகச் செய்தது. மூன்றாவது, டெஸ்ட் முடிந்ததும் புக்கிங்குகளை அழிக்கும் பகுதி. அது டெஸ்ட் டேட்டாபேஸில் போய் அழித்தது. அங்கே ஒன்றுமே இல்லை. ஐந்து தடவையும் 'அழித்தவை: 0' என்று லாகில் (ஓட்டத்தின் பதிவேட்டில்) அச்சாகியிருக்கிறது. நான் பச்சை நிறத்தை மட்டும் பார்த்தேன், அந்த வரியைப் படிக்கவில்லை. நான்காவது, பெயர்கள். டெஸ்ட் தரவு நிஜம்போல இருக்க வேண்டும் என்று நினைத்து நல்ல நல்ல பெயராக எழுதினேன், பத்து இலக்க எண்ணையும் மனம்போன போக்கில் போட்டேன். 'சோதனை சோதனை' என்று எழுதியிருந்தால் புதன்கிழமை காலையிலேயே அக்கா கண்டுபிடித்திருப்பார்.

வியாழக்கிழமை அக்கா ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "தம்பி, இந்த வருஷம் வெப்சைட்டுல நல்லா புக்கிங் வருதுங்க, நல்லா இருப்பீங்க" என்று. அதை நான் இன்னும் அழிக்கவில்லை.

அன்று ராத்திரி முதல் வேலையாகத் தானியங்கி ஓட்டத்தை நிறுத்தினேன். அடுத்து எது பொய், எது நிஜம் என்று பிரிக்க வேண்டும். பெயரை வைத்து மட்டும் அழிக்கப் பயமாக இருந்தது. அதே பெயரில் நிஜமாகவே ஒரு விருந்தாளி இருந்துவிட்டால்? என்ஜின்எக்ஸின் வழக்கமான ஆக்சஸ் லாகில், கோரிக்கை எந்தப் பெயரைத் தேடி வந்தது என்ற விவரம் பதிவாகாது. எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும். நல்லவேளையாக ரெஃபரர் பதிவாகும். புக்கிங்கை அனுப்பும் கோரிக்கை, அதற்கு முந்தைய பக்கத்தின் முழு முகவரியையும் சொல்லும், அதில் டெஸ்ட் பெயர் இருந்தது. பதினைந்து வரிகள் சிக்கின. நேரத்தை டேட்டாபேஸோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக ரத்து செய்து முடிக்கும்போது விடியற்காலை மூன்று மணி. இப்போது என்னுடைய எல்லா சர்வரிலும் லாக் வடிவத்தில் ஹோஸ்ட் பெயரையும் சேர்த்துவிட்டேன். ஒரே சர்வரில் இரண்டு தளம் வைத்திருப்பவர்கள் இதை இன்றைக்கே செய்துவிடுங்கள். தேவைப்படும் நாளில் போய்ச் சேர்த்தால் பழைய வரிகளில் அது வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். இதைப் போனில் சொல்ல மனசு வரவில்லை. அடிவாரம் தாண்டி இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறும்வரை எப்படி ஆரம்பிப்பது என்றே யோசித்துக்கொண்டு போனேன். சுற்றுலா வண்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. அவ்வளவு பேரில் நாலு அறைக்கு ஆள் இல்லாமலா போயிருக்கும். அக்கா முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், "சோதனைன்னு சொல்றீங்க, அத நெசத்துலயா போயிப் பண்ணுவாங்க?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சனிக்கிழமை சாயங்காலம் பெங்களூரிலிருந்து வந்து கேட்டுக்கு வெளியே நின்று ரூம் கேட்டவர்களை, நிறைந்துவிட்டது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார். நான்கு அறை, அறைக்கு 2,800 வீதம் 11,200. அடுத்த சனி, ஞாயிறுக்கு மூன்று அறை கேட்ட கோயம்புத்தூர்க் குடும்பத்துக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார், அது 16,800. கறி, பால், சமையல் கூலி 3,400. மொத்தம் 31,400 ரூபாய். முழுவதும் நான் தருகிறேன் என்றேன். பாதி போதும் என்று பிடிவாதமாக நின்றார். 15,700 ரூபாயை அந்த வருஷத்துப் பராமரிப்புக் கட்டணத்தில் கழித்துக்கொள்வது என்று முடிவானது. இதுபோக, முன்பின் தெரியாத பதினைந்து பேருக்கு 'உங்கள் அறை உறுதி' என்று எஸ்எம்எஸ் போயிருந்தது. அவர்களில் ஒருவர் அக்காவைக் கூப்பிட்டு, என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று சத்தம் போட்டிருக்கிறார். அதற்கு என்ன கணக்குப் போடுவது.

கீழே இறங்கியபிறகு பதினொரு ராத்திரி இந்த ஒரு வேலைதான். முதலில் செய்தது, பெயர் தெரியாமல் வருபவர்களுக்கென்று தனி சர்வர் பிளாக். 80 (ஹெச்டிடிபி), 443 (ஹெச்டிடிபிஎஸ்) இரண்டு போர்ட்டிலும் அதையே டிஃபால்ட் சர்வர் என்று வெளிப்படையாகக் குறித்துவிட்டேன். 80-இல் வருவதற்கு 444 என்று திருப்பும். அது என்ஜின்எக்ஸுக்கே உரிய எண், பதிலே சொல்லாமல் இணைப்பைத் துண்டித்துவிடும். 443-இல் எஸ்எஸ்எல் ரிஜெக்ட் ஹேண்ட்ஷேக் என்ற அமைப்பை ஆன் செய்தேன். 1.19.4 பதிப்பிலிருந்து இருக்கிறது. தெரியாத பெயரோடு வருபவருக்குச் சான்றிதழைக் காட்டாமலே கதவை மூடிவிடும், அந்த பிளாக்குக்கென்று ஒரு சான்றிதழும் தேவையில்லை. மொத்தம் ஏழெட்டு வரிதான். இந்தப் பிளாக் மட்டும் ஏப்ரலில் இருந்திருந்தால், லிங்க் போடாத அந்தச் செவ்வாய்க்கிழமை முப்பத்தெட்டு டெஸ்ட்டும் சிவப்பாகியிருக்கும், பத்து நிமிஷத்தில் காரணத்தைக் கண்டுபிடித்திருப்பேன்.

அடுத்து, சின்ன டியோடு நிற்காமல் கேப்பிட்டல் டி (nginx -T) போட்டுப் பார்க்கும் பழக்கம். அது கான்ஃபிக்கைச் சரிபார்ப்பதோடு, என்ஜின்எக்ஸ் உண்மையில் படிக்கும் எல்லாக் கோப்புகளையும் ஒன்றாகத் திரையில் கொட்டும். அதில் சர்வர் நேம் என்ற வரிகளை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். நீங்கள் எழுதிய பெயர் அங்கே இல்லை என்றால், என்ஜின்எக்ஸைப் பொறுத்தவரை அது இல்லவே இல்லை. ரீலோட் பற்றியும் ஒன்று. கான்ஃபிக்கில் பிழை இருக்கும்போது ரீலோட் சிக்னல் கொடுத்தால் என்ஜின்எக்ஸ் நின்றுவிடாது, பழைய கான்ஃபிக்கோடு தொடர்ந்து ஓடும். லைவுக்கு அது வரம். டெஸ்ட்டுக்கு அது ஆபத்து, ஏனென்றால் மாற்றிவிட்டோம் என்று நினைத்து மாறாத சர்வரைச் சோதித்துக்கொண்டிருப்போம்.

மூன்றாவது காவல், டெஸ்ட் தளமே 'நான் டெஸ்ட்' என்று சொல்லும்படி செய்வது. அதற்காக ஆட் ஹெடர் என்ற கட்டளை மூலம் பதிலில் ஒரு ஹெடரை, அதாவது பக்கத்தோடு கூடப் போகும் ஓர் அடையாள வரியைச் சேர்த்தேன். இங்கே இரண்டு இடத்தில் தடுக்கி விழுந்தேன். சர்வர் பிளாக்கில் எழுதிய ஹெடர், லொகேஷன் பிளாக்குக்குள் (தளத்தின் குறிப்பிட்ட முகவரிகளுக்கான உள்பகுதி) வேறொரு ஆட் ஹெடர் இருந்தால் அங்கே இறங்காது. உள்ளே ஒன்று எழுதினாலே வெளியில் எழுதியது முழுவதும் போய்விடும். என் ஸ்டாட்டிக் கோப்புகளுக்கான லொகேஷனில் கேஷ் ஹெடர் இருந்ததால் அங்கே மட்டும் அடையாளம் காணாமல் போனது. இரண்டாவது, கடைசியில் ஆல்வேஸ் என்ற சொல்லைச் சேர்க்காவிட்டால் 404, 500 போன்ற பிழைப் பக்கங்களில் ஹெடர் வராது. இந்த இரண்டுக்கும் ஒரு முழு ராத்திரி போனது. ஜாங்கோவுக்கு அனுப்பும் ஹெடர்களை அமைக்கும் பிராக்ஸி செட் ஹெடருக்கும் இதே மாதிரி உள்ளே எழுதினால் வெளியே எழுதியது போய்விடும், அங்கேயும் கவனம் வேண்டும்.

பிளேரைட்டில் குளோபல் செட்டப் என்று ஓர் இடம் இருக்கிறது. எல்லா டெஸ்ட்டுக்கும் முன்னால் ஒரே ஒரு தடவை ஓடும். அங்கே பிழையை எறிந்தால் ஒரு டெஸ்ட்கூடத் தொடங்காது. அதில் இப்போது இரண்டு கேள்வி கேட்கிறேன். முதல் கேள்வி, அந்த ஹெடர் வருகிறதா. இரண்டாவதை யோசிக்க எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. டெஸ்ட் தளத்துக்கு என்ஜின்எக்ஸிலேயே பேசிக் ஆத் மூலம் கடவுச்சொல் போட்டிருக்கிறேன், தேடுபொறிகள் உள்ளே வராமல் இருக்கவும் அது உதவும். டெஸ்ட் ஓடும்போது பிளேரைட் அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்து நுழையும். ஆனால் கோரிக்கை தவறி லைவுக்குப் போனால், லைவ் அந்தக் கடவுச்சொல்லைக் கேட்காமலே வரவேற்றுவிடும். அதனால் குளோபல் செட்டப்பில் முதலில் கடவுச்சொல் கொடுக்காமல் ஒரு கோரிக்கை அனுப்புகிறேன். 401 என்று மறுக்க வேண்டும். மறுக்காமல் 200 வந்தால், நாம் நிற்கும் இடம் தப்பு, ஓட்டம் அங்கேயே நிற்கும். சான்றிதழ் பிழையைப் பொருட்படுத்தாதே என்ற அமைப்பையும் எடுத்துவிட்டு, டெஸ்ட் பெயருக்கு முறையான இலவசச் சான்றிதழ் வாங்கிவிட்டேன். அலவ்ட் ஹோஸ்ட்ஸில் புள்ளி போய், லைவுக்கு லைவ் பெயர் மட்டும்.

டேட்டாபேஸ் பக்கமும் சொல்லிவிடுகிறேன். டெஸ்ட் தளத்துக்குத் தனிப் பயனர், அந்தப் பயனருக்கு லைவ் டேட்டாபேஸில் எந்த உரிமையும் கிடையாது. எஸ்எம்எஸ் அனுப்பும் பகுதி டெஸ்ட் சூழலில் ஒரு கோப்பில் எழுதுவதோடு நின்றுவிடும். பெயர் எல்லாம் 'டெஸ்ட் விருந்தாளி 1', 'டெஸ்ட் விருந்தாளி 2'. எண் என் சொந்த எண். கடைசியில் அழிக்கும்போது எத்தனை புக்கிங் போட்டோமோ அத்தனை அழிந்ததா என்று எண்ணிப் பார்க்கும். பூஜ்யம் என்றால் அது தோல்வி.

இதெல்லாம் காவல். சர்வர் கான்ஃபிக்கை டெஸ்ட்டுக்கு ஏற்றபடி அமைப்பது என்பது இன்னொரு வேலை, அதிலும் நாலைந்து நாள் போனது. லைவ் கோப்பை அப்படியே நகல் எடுத்தேன். டெஸ்ட் எல்லாம் ஒரே ஐபியிலிருந்து சரசரவென்று வரும், லைவில் இருந்த லிமிட் ரெக் என்ற வேக வரம்பு அதைத் தாக்குதல் என்று நினைத்து 503 பிழை கொடுத்தது. பிழை ஒரு தடவை வரும், மறுதடவை வராது. ஜாங்கோவில் தேடி இரண்டு நாளை வீணாக்கினேன், பிழை இருந்த இடம் என்ஜின்எக்ஸின் எர்ரர் லாக். அந்த எரிச்சலில் லிமிட்டை மட்டும் இல்லாமல், மற்ற வரம்புகளையும் டெஸ்ட்டில் தளர்த்திவிட்டேன். அதற்கும் தண்டனை கிடைத்தது. அறைப் படம் ஏற்றும் டெஸ்ட் எழுதினேன், கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ் (ஏற்றும் கோப்பின் உச்ச அளவு) டெஸ்ட்டில் 20 எம்பி, லைவில் ஒன்றும் எழுதவில்லை. எழுதாவிட்டால் 1 எம்பிதான். டெஸ்ட் பச்சை, அக்கா போனில் எடுத்த படம் லைவில் 413, அளவு அதிகம் என்ற பிழை. அன்றைக்குத்தான் எனக்கு ஒரு கோடு கிழிக்கத் தெரிந்தது. விருந்தாளிக்கு எது தெரியுமோ அது இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும்: கோப்பு அளவு, டைம்அவுட், ரீடைரக்ட், கேஷ். அதை ஸ்னிப்பெட்ஸ் ஃபோல்டரில் ஒரே கோப்பாக எழுதி, இரண்டு தளமும் அதையே இன்க்ளூட் செய்யும். பெயர், சாக்கெட், கடவுச்சொல், லாக், வேக வரம்பு மட்டும் தனித்தனி. வேக வரம்பை டெஸ்ட்டில் தாராளமாக வைத்திருக்கிறேன். அந்த வரம்பு வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்கு மட்டும் இறுக்கமான வரம்போடு ஒரு தனி லொகேஷன், அதற்கு ஒரே ஒரு டெஸ்ட். மறுக்கும்போது 503-க்குப் பதில் 429 வரும்படி மாற்றியதில், எது சர்வர் சாய்ந்தது, எது வரம்பு தடுத்தது என்று உடனே தெரிகிறது.

லேப்டாப்பில் ஓட்டுபவர்களுக்கு இரண்டு விஷயம். பிளேரைட்டின் வெப்சர்வர் அமைப்பு, டெஸ்ட்டுக்கு முன் சர்வரைத் தானே கிளப்பி, பதில் வரும்வரை காத்திருக்கும், சாதாரணமாக 60 விநாடி. அதில் ஏற்கெனவே ஓடும் சர்வரைப் பயன்படுத்து என்று ஓர் அமைப்பு உண்டு. அதை ட்ரூ என்று வைத்தால், அதே முகவரியில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால் அதையே எடுத்துக்கொள்ளும், அது எந்த டேட்டாபேஸோடு ஓடுகிறது என்று பார்க்காது. நான் ஃபால்ஸ் என்றே வைக்கிறேன், சில விநாடி கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை. இன்னொன்று, முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாமல் 127.0.0.1 என்று எழுதுங்கள். பிளேரைட்டை ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸின் 17-ஆம் பதிப்பு முதல் லோக்கல்ஹோஸ்ட் என்பதற்கு ஐபிவி6 முகவரி முதலில் வரக்கூடும், சர்வர் ஐபிவி4-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்து நிற்கலாம்.

ஜூன் கடைசியில் டெஸ்ட் தளத்தைத் தனி விபிஎஸ்ஸுக்கே மாற்றிவிட்டேன், அந்த 650 ரூபாயை என் கையிலிருந்தே கட்டுகிறேன். அதோடு நான் பார்த்துக்கொள்ளும் மற்ற சர்வர்களிலும் கேப்பிட்டல் டி போட்டுப் பார்த்தேன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசு மொத்த வியாபாரிக்கு இரண்டு தளங்கள் ஒரே சர்வரில் இருக்கின்றன: ஒன்று எல்லோரும் பார்ப்பது, மற்றது கடைக்காரர்களுக்கு மட்டும் விலைப்பட்டியல் காட்டுவது. அங்கேயும் டிஃபால்ட் சர்வர் என்று எதையும் குறிக்கவில்லை. அகரவரிசையில் முதலில் இருந்தது விலைப்பட்டியல் தளம். சர்வரின் ஐபி எண்ணை பிரவுசரில் போட்டாலே அதன் லாகின் பக்கம் திறந்தது. அவருக்குப் போன் செய்து, என்ன இருந்தது, என்ன மாற்றப்போகிறேன் என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் அந்த ஏழெட்டு வரியைச் சேர்த்தேன். இருபது நிமிஷ வேலை.